தேர்வு மேசையின் மறுபுறம்: காஸ்டிங் இயக்குநரிடம் கற்ற திரை நடிப்பு

நடிப்பைக் கற்றுத் தருபவரும் நடிகரைத் தேர்ந்தெடுப்பவரும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. பயிற்சி தருபவர், இவருக்கு இன்னும் என்ன கைவர வேண்டும் என்று பார்ப்பார். தேர்வு செய்பவரோ, நான் தேடும் பாத்திரம் இவரிடம் தெரிகிறதா என்று பார்ப்பார். மேடை நாடகங்களில் நெடுங்காலம் நடித்துவிட்டுத் திரைக்கு வர விரும்பிய எனக்கு, இந்த இரண்டாவது பார்வை எப்படி இயங்குகிறது என்பது காஸ்டிங் இயக்குநர் ஒருவர் நடத்திய திரை நடிப்பு வகுப்பில் சேர்ந்த பிறகே புரிந்தது. ஆடிஷன்களுக்குப் போய்வந்துகொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால், அங்கே கற்றவற்றை விரிவாக எழுதுகிறேன்.

காஸ்டிங் இயக்குநரின் பணி என்ன என்பதிலிருந்தே அவர் வகுப்பைத் தொடங்கினார். திரைக்கதையைப் படித்து, ஒவ்வொரு பாத்திரத்தின் வயது, இயல்பு, கதையில் அதன் இடம் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி, வந்து குவியும் புகைப்படங்களிலும் காணொளிகளிலும் இருந்து சிலரை அழைத்து, அவர்களுள் இன்னும் சிலரை மட்டும் இயக்குநரின் பார்வைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. இறுதி முடிவு இயக்குநருடையதும் தயாரிப்பாளருடையதும்தான் என்றாலும், யாருக்குள் அந்த முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பதை வகுப்பவர் இவரே. இவ்வளவு பொறுப்புள்ள பணிக்கு உரிய அங்கீகாரம் மிகத் தாமதமாகவே வந்தது. ஹாலிவுட்டில் பல பத்தாண்டுகள் நடிகர் தேர்வு செய்த லின் ஸ்டால்மாஸ்டருக்கு 2016-இல் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. பிரிட்டனின் திரைப்பட அகாடமியான பாஃப்டா 2020-இல் இதற்கெனத் தனி விருது அளித்தது. ஆஸ்கர் அகாடமி 2025-இல் வெளியான படங்கள் முதல் இதற்குத் தனிப் பிரிவு ஏற்படுத்தியிருக்கிறது. இதையெல்லாம் அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. தேர்வு அறையில் உட்கார்ந்திருப்பவர் நம்மை நிராகரிப்பதற்காகக் காத்திருப்பவர் என்ற எண்ணத்தோடு பலரும் உள்ளே போகிறார்கள். உண்மையில் அவருக்கு ஒரு பாத்திரத்தை நிரப்பியாக வேண்டிய நெருக்கடி இருக்கிறது. அடுத்து உள்ளே வருபவர் பொருத்தமாக இருந்துவிட்டால் அவருடைய சுமை ஒன்று இறங்கும். இதை மனத்தில் ஏற்றுக்கொண்டாலே உள்ளே போகும்போது தோள்களின் இறுக்கம் குறைகிறது என்பதை நானே உணர்ந்தேன்.

வகுப்பில் எனக்கு மிக அதிகமாகக் கற்றுத் தந்த பயிற்சி, நடிப்பதாக இல்லாமல் பார்ப்பதாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே காட்சியின் இரண்டு பக்கங்கள் கொடுக்கப்பட்டன. பல மாதங்களாகத் தொடர்பே இல்லாத தம்பி அக்காவின் வீட்டுக்கு வந்து, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்கிறான், அவ்வளவுதான் காட்சி. ஒவ்வொருவராகக் கேமராவின் முன் நின்று அதைச் செய்ய, மற்றவர்கள் மானிட்டரின் முன் அமர்ந்து, இயக்குநருக்கு யாரை அனுப்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நடிப்பு நன்றாக இருந்தது, இல்லை என்று எழுதக் கூடாது. அனுப்புவதா வேண்டாமா என்பதையும் அதற்கான காரணத்தையும் மட்டும் எழுத வேண்டும்.

முதல் சிலரைப் பார்க்கும்போது ஒவ்வொருவரும் நன்றாகச் செய்வதாகவே தோன்றியது. பிறகு ஒரே வசனத்தை ஒரே கோபத்தோடு திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கியதும் கவனம் நழுவியது. 'எனக்கும் இதில் பங்கு இருக்கிறது' என்று தம்பி சொல்லும் வரி அந்தப் பக்கத்தில் இருந்தது. ஏறக்குறைய எல்லோரும் அந்த இடத்தில் குரலை உயர்த்தினார்கள். ஒரு பக்கத்தை முதன்முறை படிக்கும்போது நமக்குத் தோன்றும் உணர்ச்சிதான் அதே பக்கத்தைப் படிக்கும் மற்ற எல்லோருக்கும் தோன்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. பிறகு ஒருவர் வந்தார். அவர் அந்த வரியைத் தாழ்ந்த குரலில், அக்காவைப் பார்க்காமல், கையில் இருந்த பத்திரத்தைப் பார்த்தபடி சொன்னார். தம்பி வேறு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், காரணத்தை அக்கா கேட்டுவிடக் கூடாதே என்று தவிக்கிறான் என்று அவர் முடிவு செய்திருந்ததைப் பிறகு சொன்னார். மானிட்டரின் முன் இருந்த எங்களுக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. ஆனால் இவன் எதையோ மறைக்கிறான், அது என்னவென்று தெரிய வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் எழுந்தது. பெரும்பாலான தாள்களில் அவர் பெயர்தான் இருந்தது.

இதிலிருந்து, யாரும் செய்யாத ஒன்றைச் செய்தால் போதும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே வரியைச் சிரித்துக்கொண்டே சொன்னவரும் இருந்தார். புதுமையாக இருந்ததே தவிர, அந்தச் சிரிப்புக்கான வித்து பக்கத்தில் எங்கும் இல்லாததால் யாரும் அவரை அனுப்பவில்லை. நாம் எடுக்கும் முடிவு எழுதப்பட்டிருப்பதிலிருந்து கிளைத்ததாக இருக்க வேண்டும். அதே சமயம் அதன் மேல்தோலோடு நின்றுவிடவும் கூடாது. அந்தக் காட்சியில் தம்பி மூன்று இடங்களில் பேச்சை மாற்றுகிறான் என்பதும், அக்காவின் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்வதில்லை என்பதும் பக்கத்திலேயே இருந்தன. அவற்றைக் கவனித்தவருக்குத்தான் மறைக்கும் தம்பி கிடைத்தான்.

மானிட்டரின் முன் இன்னொன்றும் புலப்பட்டது. முதல் வசனத்துக்கு முந்தைய சில நொடிகளிலேயே எங்கள் முடிவு பாதி உருவாகிவிட்டிருந்தது. சிலர் 'ஆக்ஷன்' என்ற சொல் கேட்டதும் வெறுமையாக நின்று, தம் முறை வந்ததும் பேசத் தொடங்கினார்கள். அவர்கள் வசனம் பேசும்போது மட்டும் உயிரோடு இருந்தார்கள். வேறு சிலரிடம், வாசலில் நின்று உள்ளே போவதா வேண்டாமா என்று தயங்கியவனின் மூச்சு முதல் சொல்லுக்கு முன்பே இருந்தது. கடைசி வரி முடிந்ததும் முகத்தைத் தளர்த்தி, சரியாகச் செய்தேனா என்று ஆசிரியரைப் பார்த்தவர்களும் உண்டு. 'கட்' சொல்லப்படும் வரை அந்த மனிதனாகவே இருக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். படத்தொகுப்பாளருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது, வசனம் முடிந்த பிறகு முகத்தில் ஓடும் அந்த எண்ணம்தான். திரையில் நடிகர் பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரமும் யோசிக்கும் நேரமும் கதையை அதிகம் சுமக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. தேர்வு செய்பவர் தேடுவதும் அதையே.

ஆகவே ஆடிஷனுக்குக் கொடுக்கப்படும் பக்கத்தைக் கையில் எடுத்ததும் வசனத்தை எப்படிச் சொல்வது என்று யோசிக்கத் தொடங்குவது பயன் தராது. இந்த மனிதன் எங்கிருந்து வருகிறான், எதிரில் இருப்பவரிடமிருந்து அவனுக்கு என்ன வேண்டும், அது இன்றே கிடைக்க வேண்டிய அவசியம் என்ன, கிடைக்காவிட்டால் எதை இழப்பான், காட்சியின் எந்த இடத்தில் அவன் வழியை மாற்றுகிறான் என்ற கேள்விகளுக்குப் பக்கத்திலிருந்தே விடை தேட வேண்டும். ரஷ்ய நாடக இயக்குநரும் நடிப்புப் பயிற்சி முறை ஒன்றை வகுத்தவருமான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வலியுறுத்திய, பாத்திரத்துக்குக் கொடுக்கப்பட்ட சூழ்நிலைகள் என்ற அடிப்படைதான் இது. ஆடிஷனில் முழுக் கதையும் நம் கையில் இருப்பதில்லை என்பதால், விடுபட்டதை நாமே முடிவு செய்து நிரப்ப வேண்டியிருக்கிறது. 'கோபமாக', 'சோகமாக' என்று பக்க ஓரத்தில் எழுதிக்கொள்வதற்குப் பதிலாக, 'கெஞ்சுகிறான்', 'மிரட்டுகிறான்', 'பேச்சை மாற்றுகிறான்' என்று வினைச்சொல்லாக எழுதிக்கொள்ளும்படி அவர் சொன்னார். உணர்ச்சியை வேண்டும்போது வரவழைப்பது கடினம். ஒரு செயலை எதிரில் இருப்பவர்மேல் செய்ய முயன்றால் உணர்ச்சி பின்னால் தானாக வருகிறது.

மனப்பாடம் செய்யும் முறையிலும் எனக்குப் பெரிய மாற்றம் ஏற்பட்டது. வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு பழகிவிட்டால், அந்த ராகம் மனத்தில் படிந்துவிடுகிறது; பிறகு எதிரில் இருப்பவர் எப்படிப் பேசினாலும் நம் வாயிலிருந்து அதே ராகம்தான் வரும். ஆகவே சொற்களை மட்டும், எந்த உணர்ச்சியும் ஏற்றாமல், நடந்துகொண்டோ வீட்டு வேலை செய்துகொண்டோ தட்டையாகச் சொல்லிப் பழக வேண்டும். சொற்கள் யோசிக்காமல் வரும் அளவுக்கு ஊறிவிட்டால், எதிராளியைக் கேட்பதற்கு மனம் விடுபடுகிறது. அதன் பிறகும் தாளைக் கையில் வைத்திருப்பதில் தவறில்லை. ஒரு வரி மறந்தால் அமைதியாகத் தாளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தவரை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. மறந்துவிட்டதற்காக நின்று மன்னிப்புக் கேட்டவர்களின் காட்சிதான் உடைந்தது.

ஆடிஷனில் எதிர்வசனம் படிப்பவர் பெரும்பாலும் நடிகராக இருப்பதில்லை. அலுவலக உதவியாளர் ஒருவர் உணர்ச்சியே இல்லாமல் வாசிப்பார். அவர் நம்மைத் தூண்டுவார் என்று எதிர்பார்த்தால் காட்சி சரிந்துவிடும். இதற்கென்றே எங்கள் ஆசிரியர் எதிர்வசனத்தை வேண்டுமென்றே வறட்டுத்தனமாக வாசித்தார். அந்த வறட்சியையே அக்காவின் பதிலாக எடுத்துக்கொண்டு, இவள் ஏன் இப்படி விலகி நிற்கிறாள் என்று உள்ளே கேட்டுக்கொண்டபோது, காட்சி வேறு ஒரு வலியோடு நகர்ந்தது. கிடைப்பதைக் கொண்டு நடிப்பது என்பதன் பொருளை நான் அங்கே கண்டேன்.

மேடையிலிருந்து வருபவர்களிடம் 'கேமராவுக்கு நடிப்பைக் குறையுங்கள்' என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த அறிவுரை பாதிதான் சரி என்று அவர் விளக்கினார். குறைக்கச் சொன்னதும் பலர் எண்ணத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். முகம் அமைதியாக இருக்கிறது, அதன் பின்னால் ஒன்றும் இல்லை. குறைய வேண்டியது தூரம். மேடையில் நம் குரல் கடைசி வரிசைக்குப் போயாக வேண்டும். இங்கே மேசைக்கு எதிரில் இருப்பவரை எட்டினால் போதும், ஒலிவாங்கி மற்றதைப் பார்த்துக்கொள்ளும். எண்ணத்தின் தீவிரம் மட்டும் மேடையில் இருந்த அளவுக்கே இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் ஒரே முகக்காட்சியை வெவ்வேறு காட்சிகளோடு இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்கள் என்பது திரைப்பட வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. பார்வையாளர் தாமாகவே பொருளை நிரப்பிக்கொள்கிறார் என்பதை அது காட்டுகிறது. எல்லாவற்றையும் நாமே முகத்தில் எழுதிக் காட்டினால் அவருக்கு வேலையே இல்லாமல் போகிறது.

கண்களைப் பற்றி அவர் சொன்னவை கைவினை நுணுக்கங்கள் போன்றவை. ஆனால் பயன் உடனே தெரியும். எதிராளி கேமராவின் லென்ஸுக்கு மிக அருகில், நம் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் நம் இரு கண்களும் ஃப்ரேமில் தெரியும். லென்ஸை நேராகப் பார்க்கக் கூடாது, அப்படிச் செய்யும்படி கேட்டிருந்தால் தவிர. நேரில் பேசும்போது நாம் எதிராளியின் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாறிமாறிப் பார்க்கிறோம். கிளோசப்பில் அந்த அசைவு பதற்றமாகத் தெரியும் என்பதால், லென்ஸுக்கு அருகிலுள்ள ஒரு கண்ணை மட்டும் பார்ப்பது நல்லது. காட்சியில் மூன்றாவது ஆள் இருந்தால் அவருக்கு லென்ஸின் மறுபக்கத்தில் ஓர் இடத்தை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். கேட்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டுவதும் புருவம் உயர்த்துவதும் கேட்பதுபோல் காட்டுவதற்காகச் செய்பவை. உண்மையாகக் கேட்பவரிடம் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. கையில் பொருள் எடுப்பதாக இருந்தால் எந்தச் சொல்லில் எடுக்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். படப்பிடிப்பில் வேறு கோணங்களில் அதையே திரும்பச் செய்தால்தான் கண்டினியூட்டி, அதாவது காட்சிகளுக்கு இடையிலான தொடர்ச்சி, நிற்கும்.

இப்போது பெரும்பாலான முதற்கட்டத் தேர்வுகள் நாமே பதிவு செய்து அனுப்பும் செல்ஃப் டேப் வழியாகவே நடக்கின்றன. இதில் தொழில்நுட்பம் எளியதுதான், ஆனாலும் வகுப்பில் காட்டப்பட்ட பதிவுகளில் கணிசமானவை எளிய காரணங்களாலேயே விலக்கப்பட்டிருந்தன. போனைப் படுக்கைவாட்டில், கண் மட்டத்தில், ஆடாத தாங்கியில் வைக்க வேண்டும். நெஞ்சுக்கு மேல் முழுத் தலையும் தெரியும் அளவு ஃப்ரேம் போதும். பின்னால் வெறும் சுவர். சுவரை ஒட்டி நிற்காமல் சற்று முன்னால் தள்ளி நின்றால் நிழல் விழாது. வெளிச்சம் முகத்துக்கு எதிரிலிருந்து வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். எதிர்வசனம் படிப்பவர் ஒலிவாங்கிக்கு நம்மைவிட அருகில் இருப்பார் என்பதால் அவர் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். அவருடைய குரலே மேலோங்கி நின்ற பதிவுகளை முழுவதும் பார்க்கவே சிரமமாக இருந்தது. அறிமுகத்தில் பெயர், உயரம், பக்கவாட்டுத் தோற்றம் என்று கேட்டதை மட்டும் கொடுத்து, கோப்புக்கும் அவர்கள் சொன்னபடியே பெயர் வைத்து அனுப்ப வேண்டும். பின்னணி இசை, எழுத்துகள், வெட்டி ஒட்டிய காட்சிகள் எதுவும் வேண்டாம். அனுப்பும் இணைப்பை வேறு ஒரு போனில் திறந்து பார்த்துவிடுங்கள். அனுமதி கொடுக்காமல் பூட்டியே அனுப்பப்பட்ட இணைப்புகள் நிறைய வருகின்றனவாம். ஒரே காட்சியைப் பலமுறை பதிவு செய்தவற்றில் எந்த டேக்கை அனுப்புவது என்று தெரியாதபோது, ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எண்ணம் ஓடும் டேக் எதுவென்று அப்போது தெரிந்துவிடும். கேட்டிருந்தாலொழிய இரண்டு டேக் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் இரண்டும் வெவ்வேறு முடிவுகளில் பிறந்தவையாக இருக்கட்டும்.

நேரில் நடக்கும் தேர்வில், ஒருமுறை செய்து முடித்ததும் 'இப்போது அக்காவைச் சமாதானம் செய்ய வந்தவனாகச் செய்யுங்கள்' என்பதுபோல ஒரு குறிப்புக் கொடுப்பார்கள். முதலில் செய்தது தவறு என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆர்வம் இல்லாதவரிடம் நேரம் செலவிட அவர்களுக்கு அவகாசமே இருக்காது. படப்பிடிப்பில் இயக்குநர் ஒன்றைச் சொன்னால் இந்த நடிகரால் மாற முடியுமா என்பதைத்தான் அப்போது சோதிக்கிறார்கள். வகுப்பில் பலர் குறிப்பைக் கேட்டு முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டு, பழையதையே சற்று மென்மையாகச் செய்தார்கள். புரியாவிட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். சில நொடிகள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு நம் வினைச்சொல்லை மாற்ற வேண்டும். 'மறைக்கிறான்' என்பதை 'ஆறுதல் சொல்கிறான்' என்று மாற்றினால் குரல், உடல், பார்வை எல்லாம் சேர்ந்து மாறும். முதல் முடிவின்மீது காதல் கொண்டவர்களுக்கு இது மிகக் கடினமாக இருந்தது.

தேர்வாகாததன் காரணங்களைப் பற்றி அவர் ஒளிவின்றிப் பேசினார். அக்காவாக நடிப்பவர் முன்பே முடிவாகிவிட்டதால் தம்பியின் முகச்சாயல் ஒத்துப்போக வேண்டியிருக்கும், உயரம் பொருந்தாது, தேதிகள் ஒத்துவராது, பாத்திரத்தின் வயதையே எழுத்தாளர் மாற்றியிருப்பார், சில சமயம் அந்தக் காட்சியே படத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கும். இவற்றில் எதுவும் நடிகரின் கையில் இல்லை, எதுவும் அவருக்குச் சொல்லப்படுவதும் இல்லை. நல்ல பதிவை அனுப்பியவரைக் காஸ்டிங் இயக்குநர்கள் குறித்து வைத்துக்கொள்கிறார்கள், வேறொரு படத்துக்கு நெடுநாள் கழித்தும் அழைக்கிறார்கள் என்பதால், ஒவ்வொரு ஆடிஷனையும் அந்த ஒரு வேடத்துக்கான பந்தயமாகப் பார்க்காமல், நம் வேலையைக் காட்டக் கிடைத்த நேரமாகப் பார்ப்பது மனநலத்துக்கும் நல்லது. எந்தத் தேர்வில் எந்தப் பாத்திரத்துக்கு என்ன முடிவு எடுத்தேன், என்ன குறிப்புத் தந்தார்கள் என்பதை நான் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் அதே உடை, அதே முடிவோடு போக இந்தக் குறிப்பு உதவுகிறது. முதல் சுற்றில் எதைப் பார்த்து அழைத்தார்களோ அதையே மீண்டும் பார்க்க விரும்புவார்கள்.

இத்தகைய வகுப்பில் சேர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். வேடம் தரும் நிலையில் இருப்பவரே கட்டணம் வாங்கிக் கற்றுத் தரும்போது, வகுப்புக்கும் தேர்வுக்கும் இடையிலான கோடு எளிதில் அழிந்துவிடும். காசு வாங்கிக்கொண்டு ஆடிஷன் வாய்ப்புத் தருவதைக் கலிபோர்னியா 2009-இல் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. 2017-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர வழக்கறிஞர், பயிற்சிப் பட்டறை என்ற பெயரில் நடிகர்களிடம் பணம் பெற்று ஆடிஷன் நடத்தியதாகப் பலர்மீது வழக்குத் தொடுத்தார். எங்கள் ஆசிரியர், இங்கிருந்து யாரையும் எந்தப் படத்துக்கும் எடுக்கப்போவதில்லை என்று சேரும்போதே எழுத்தில் கொடுத்தார். அதனாலேயே அனைவரும் தயக்கமின்றிக் கற்க முடிந்தது. வேடம் வாங்கித் தருவதாக வாக்களிக்கும் வகுப்பு, தான் சொல்லும் இடத்தில்தான் புகைப்படம் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தும் வகுப்பு, உடனே பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தும் வகுப்பு ஆகியவற்றிலிருந்து விலகி இருங்கள். அலுவலகம் அல்லாத இடத்துக்குத் தனியாக வரச் சொன்னாலும், பாத்திரத்துக்குத் தொடர்பில்லாததைச் செய்யச் சொன்னாலும் மறுத்துவிட்டு வெளியேற நடிகருக்கு முழு உரிமை உண்டு. குரல், உடல், கற்பனை ஆகியவற்றுக்கான அடிப்படைப் பயிற்சியை இத்தகைய வகுப்பு தராது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அடித்தளம் உள்ளவருக்கே இது பலன் தரும்.

வகுப்பு முடிந்த பிறகு எங்களில் சிலர் தொடர்ந்து சந்திக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒருவர் காஸ்டிங் இயக்குநராக அமர்ந்து, பக்கங்களைத் தேர்ந்தெடுத்து, குறிப்புக் கொடுத்து, இறுதியில் யாரை ஏன் அனுப்புவேன் என்று விளக்க வேண்டும். புதிதாகச் சேர விரும்புபவர்களிடம் நாங்கள் வைக்கும் ஒரே நிபந்தனை, தம் முறை முடிந்ததும் எழுந்து போகாமல், மற்றவர்களின் பதிவுகளையும் உட்கார்ந்து முழுவதுமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான்.